நூலகத்தில் ஊர் விபரக்கொத்து: மட்டக்களப்பு, அம்பாறை நூலகங்களுக்கான முழுமையான வழிகாட்டி

"அம்மாவுக்குக் கண்ணில வெண்புரை. வில்லை வாங்க உதவி ஆரிட்டக் கேக்கலாம்?"

உசாத்துணை மேசையில் இப்படியொரு கேள்வி வந்தால், நம்முடைய நூலகங்களில் இருக்கும் அமைப்புப் பட்டியல்கள் பெரும்பாலும் கைகொடுக்காது. அமைப்பின் பெயர், தலைவர், செயலாளர், பதிவிலக்கம் எல்லாம் அவற்றில் இருக்கும். எந்த நாள் போவது, எதைக் கொண்டுபோவது, நம்முடைய பிரிவில் இருப்பவருக்குக் கொடுப்பார்களா, அந்தத் தொலைபேசி இன்னும் ஒலிக்கிறதா என்ற நான்கும் இருக்காது. கேட்டு வருபவருக்கு வேண்டியது இந்த நான்கும்தான். அவற்றைப் பதிந்து, பழுதாகாமல் வைத்திருக்கும் ஊர்ச் சேவைகளின் விபரக்கொத்தை எப்படி உருவாக்குவது என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறோம். நகர சபை நூலகமோ பிரதேச சபையின் சிறு வாசிகசாலையோ, முறை ஒன்றுதான். அளவு மட்டும் மாறும். முதற் பதிப்புக்கு 80 முதல் 120 பதிவுகள் போதும்.

எல்லையைத் தீர்மானித்தல்

பலரும் தடுக்கி விழும் இடம் இது. நூலகம் உள்ளூராட்சி சபைக்கு உரியது. ஆனால் மக்கள் நாடிப் போகும் சேவைகள் சபையின் எல்லையைப் பார்த்து அமைந்தவை அல்ல. சமூக சேவை பிரதேச செயலகத்தின்படி, பிரசவ, தடுப்பூசிச் சேவை சுகாதார வைத்திய அதிகாரி பிரிவின்படி, பாடசாலை கல்வி வலயத்தின்படி, கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்தின்படி, முறைப்பாடு பொலிஸ் பிரிவின்படி. ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு வேறு அலுவலகங்களுக்குப் போகவேண்டியிருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, உங்கள் நூலகத்துக்கு வாசகர் வரும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆறு நிரல்கள்: பிரதேச செயலகம், உள்ளூராட்சி சபை, சுகாதாரப் பிரிவு, கல்வி வலயம், பொலிஸ் நிலையம், கமநல சேவை நிலையம். இந்த ஒரு தாள் கையில் இருந்தாலே மேசைக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். விபரக்கொத்தின் முதற் பக்கமும் இதுவாகவே இருக்கட்டும்.

மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் ஐந்தின் பெயர் கோறளைப்பற்று என்று தொடங்கும். இன்னும் ஐந்தின் பெயர் மண்முனை என்று தொடங்கும். ஆகவே "கோறளைப்பற்று பிரதேச செயலகம்" என்று மட்டும் எழுதினால் வாகரைக்குப் போகவேண்டியவர் வாழைச்சேனைக்குப் போய் நிற்பார். உத்தியோகபூர்வப் பெயருடன் ஊர்ப் பெயரையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்: கோறளைப்பற்று வடக்கு (வாகரை), கோறளைப்பற்று தெற்கு (கிரான்), கோறளைப்பற்று மேற்கு (ஓட்டமாவடி), மண்முனை மேற்கு (வவுணதீவு), மண்முனை தெற்கு எருவில்பற்று (களுவாஞ்சிகுடி), போரதீவுப்பற்று (வெல்லாவெளி).

அம்பாறையில் சிக்கல் வேறுவிதமானது. மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தாலும், சுகாதார சேவை மட்டும் அம்பாறை, கல்முனை என்று இரண்டு பிராந்தியப் பணிப்பாளர்களின் கீழ் இயங்குகிறது. அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ இருப்பவருக்கு மாவட்டச் செயலக அலுவல் அம்பாறை நகரில், சுகாதார அலுவல் கல்முனையில். தொலைபேசியின் பிரதேச இலக்கமும் இரண்டு: கரையோரத்துக்கு 067, அம்பாறை நகரப் பக்கம் 063. மட்டக்களப்புக்கு 065. பழைய பட்டியல்களில் பிரதேச இலக்கத்தை விட்டுவிட்டு எழுதியிருப்பார்கள். அதை அப்படியே பிரதி பண்ணாதீர்கள். அம்பாறைப் பதிவுகளில் "தமிழில் அலுவல் பார்க்கலாமா" என்று தனியாக ஒரு வரியும் வேண்டும்.

பட்டியல்கள் யாரிடம் இருக்கின்றன

ஊரில் உள்ள அமைப்புகளில் பெரும்பாலானவை எங்கோ ஓரிடத்தில் பதியப்பட்டிருக்கும். எங்கே என்று தெரிந்தால் அலைச்சல் குறையும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் விபரம் பிரதேச செயலகத்தில் உள்ள கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கிடைக்கும். விளையாட்டுக் கழகங்களுக்கு விளையாட்டு உத்தியோகத்தர், இளைஞர் கழகங்களுக்கு இளைஞர் சேவைகள் அதிகாரி, கலை இலக்கிய மன்றங்களுக்குக் கலாசார உத்தியோகத்தர், முதியோர் சங்கம், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு ஆகியவற்றுக்குச் சமூக சேவைப் பிரிவு. கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதியப்படுகின்றன; பட்டியல் கமநல சேவை நிலையத்தில். மீனவர் சங்கங்களுக்குக் கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம்; வாவியில் தொழில் செய்வோரின் சங்கங்களைத் தனியாகக் கேளுங்கள், கடலோரப் பட்டியலில் அவை விடுபட்டுப் போவதுண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம். அரச சார்பற்ற நிறுவனங்களில் பல, 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வச் சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதியப்பட்டவை. மாவட்டச் செயலகத்தில் அவற்றுக்கான இணைப்பாளரிடம் கேட்கலாம். சனசமூக நிலையங்களின் பட்டியல் உங்கள் சபையிலேயே இருக்கும்.

பெரும்பாலும் எந்தத் திணைக்களத்தின் பட்டியலிலும் அகப்படாதவை மரண உதவிச் சங்கங்களும் ஜனாஸா நலன்புரி அமைப்புகளும். கொட்டகை, கதிரை, பாத்திரம், ஜெனரேற்றர் என்று அவசரத்துக்கு முதலில் தேடப்படுபவை இவைதாம். இவற்றை ஆலய பரிபாலன சபையிலும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலும் நேரில் விசாரித்துத்தான் எடுக்க முடியும். இரத்ததான ஒழுங்கமைப்பாளர்களும் அப்படியே.

கடிதம் எழுதும் முறையில் ஒரு கவனம். நூலகர் நேரடியாகப் பிரதேச செயலாளருக்கு எழுதினால் கடிதம் மேசையில் தங்கிவிடும். மாநகர சபையென்றால் ஆணையாளர் ஊடாக, நகர சபை, பிரதேச சபையென்றால் செயலாளர் ஊடாக அனுப்புங்கள். கடிதத்தில் "அமைப்புகளின் விபரம்" என்று பொதுவாகக் கேட்காமல், அமைப்பின் வகை, கிராம உத்தியோகத்தர் பிரிவு, பதிவு புதுப்பிக்கப்பட்ட கடைசி ஆண்டு என்று நிரல் போட்ட வெற்று அட்டவணையை இணைத்து அனுப்பினால் நிரப்பித் தருவார்கள். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். ஆனால் இதை முதலில் எடுக்காதீர்கள். நாளைக்கும் அதே உத்தியோகத்தரிடம்தான் போகவேண்டும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

விதியை எழுதி, சபையின் ஒப்புதலுடன் நூலகக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்கட கழகத்தை ஏன் போடல்ல" என்று வருபவருக்கு நூலகரின் வாயிலிருந்து விடை வருவதைவிடக் காகிதத்திலிருந்து வருவது நல்லது. எங்கள் பரிந்துரை இது: இலாப நோக்கற்றதாக இருக்கவேண்டும், கடைசி 12 மாதத்துக்குள் ஏதாவது சேவை வழங்கியிருக்கவேண்டும், உறுப்பினர் அல்லாதவருக்கும் பயன்படவேண்டும் அல்லது புதிய உறுப்பினரைச் சேர்க்கவேண்டும். அரசியல் கட்சிக் கிளைகள் வேண்டாம். வணிகரீதியான ரியூசன் நிலையங்கள் வேண்டாம்.

நுண்கடன் கம்பனிகளை விடுங்கள். கடன் கேட்டு வருபவருக்குச் சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம், சமுர்த்தி வங்கி ஆகியவற்றைக் காட்டினால் போதும். வெளிநாட்டு வேலை முகவர்களையும் சேர்க்காதீர்கள்; பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரின் நாளும் நேரமும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கமும் இருக்கட்டும். நூலகத் தாளில் ஒரு முகவரின் பெயர் அச்சாகிவிட்டால் சனம் அதைச் சபையின் உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்ளும்.

பெயர்ப்பலகையைப் பார்த்து எதையும் பதியாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் கரையோரமெங்கும் வந்த அமைப்புகளில் பல போய்விட்டன. பலகைகள் சிலவேளை இன்னும் நிற்கின்றன.

பதிவுப் படிவம்

ஓர் அமைப்புக்கு ஒரு பதிவு என்று போடாதீர்கள். ஒரு சேவைக்கு ஒரு பதிவு. ஒரே சங்கம் கொட்டகையும் வாடகைக்கு விடும், மாலையில் தையல் வகுப்பும் நடத்தும். இரண்டையும் தேடி வருபவர்கள் வேறு வேறு ஆட்கள். படிவத்தின் மாதிரி ஒன்று:

சேவை: சக்கர நாற்காலி, ஊன்றுகோல் உதவி
வழங்குவது: பிரதேச செயலகம், சமூக சேவைப் பிரிவு (உத்தியோகபூர்வப் பெயர், ஊர்ப் பெயர் இரண்டும்)
யாருக்கு: எந்தெந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், வயது, வருமான எல்லை இருந்தால் அது
முதலில் போகவேண்டிய இடம்: பெரும்பாலும் கிராம உத்தியோகத்தர், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாள்
கொண்டுபோக: அடையாள அட்டைப் பிரதி, வைத்திய அறிக்கை, வேறு ஏதும் கேட்டால் அது, மூலப்பிரதியா, நிழற்பிரதியா, எத்தனை
நாள், நேரம்: பொதுமக்கள் தினம் எது, மதிய இடைவேளை எப்போது
செலவு: இலவசம் என்றாலும் எழுதவேண்டும்
எவ்வளவு காலம் எடுக்கும்: உத்தியோகத்தர் சொன்னபடி
வழி: பஸ் நிற்கும் இடம், அருகில் உள்ள கோயில், பள்ளிவாசல் அல்லது பாடசாலை
ஏறும் வசதி: படி இருக்கிறதா, சரிவுப் பாதை இருக்கிறதா
தொலைபேசி: பதவியின் பெயரில்
சரிபார்த்த திகதி, சரிபார்த்தவரின் முதலெழுத்து, யாரிடம் கேட்டது

கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். திகதி இல்லாத பதிவை மேசையில் இருப்பவர் நம்பிக் கொடுக்கவும் முடியாது, நம்பாமல் தள்ளவும் முடியாது. திகதி எழுத முடியாத பதிவை அச்சுக்கு விடாதீர்கள்.

"ஏறும் வசதி" வரியை அலட்சியமாக நினைக்கவேண்டாம். சக்கர நாற்காலி கேட்டு வருபவரை மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்புவது நடக்கிற காரியம்தான். மாடி என்றால், கீழேயே நின்று யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டு எழுதிவிடுங்கள்.

"வழி" எழுதும்போது வாவியை மறக்கக்கூடாது. எழுவான்கரையிலிருந்து (வாவியின் கிழக்குப் பக்கம்) படுவான்கரைக்கு (மேற்குப் பக்கம்) போக, 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் ஆரையம்பதி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதைப் படகுதான் குறுக்கு வழி. அந்த வழியை எழுதினால், படகு ஓடும் நேரத்தையும் மழைக்காலத்தில் தரைவழியாகச் சுற்றிப்போகும் பாதையையும் சேர்த்தே எழுதவேண்டும். வரைபடத்தில் கைக்கெட்டும் தூரமாகத் தெரியும் இடம் பஸ்ஸில் அரை நாள் எடுக்கலாம்.

பெயரும் இலக்கமும்: எங்கே நிறுத்துவது

சங்கத் தலைவரின் சொந்தக் கைத்தொலைபேசி இலக்கம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்கலாம்; அதற்காக நூலகம் அதை அச்சிடலாம் என்று ஆகாது. தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. படிவத்தின் அடியில் மூன்று கட்டங்கள் போடுங்கள்: அச்சிடலாம், மேசையில் வைத்துக் கேட்பவருக்கு மட்டும் சொல்லலாம், கொடுக்கவேண்டாம். ஒன்றில் அடையாளமிட்டுக் கையொப்பம் வாங்குங்கள். தொலைபேசியில் சம்மதம் சொன்னால் அதைத் திகதியோடு குறித்துவைத்து, பிறகு கையொப்பம் எடுங்கள். நிர்வாகம் மாறினால் சம்மதமும் புதிதாக வாங்கவேண்டும்.

வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வரும் பெண்களுக்கான பாதுகாப்பு இல்லங்களின் முகவரியை எந்தப் பிரதியிலும், மேசைக் கோவையிலும்கூட, எழுதாதீர்கள். தேடி வருபவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தலைப்பின் கீழ் 1938 பெண்கள் உதவி இலக்கமும், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகமும் போதும். சிறுவர் இல்லங்கள் விடயத்திலும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவே வழிகாட்டுங்கள்.

சரிபார்த்தல்

திணைக்களங்களிலிருந்து வந்த பட்டியல் வெறும் மூலப்பொருள். ஒவ்வொன்றையும் அழைத்தோ நேரில் போயோ உறுதிசெய்த பிறகே அது பதிவாகும்.

அழைப்பில் "இப்பவும் கண்ணாடி குடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். கேட்கும் விதத்தை மாற்றுங்கள்: "கடைசியா எப்ப ஒருத்தருக்குக் குடுத்தீங்க? அவர் என்னென்ன கொண்டு வந்தவர்?" ஒரு மாதம், ஓர் ஆள் என்று பதில் வந்தால் சேவை நடக்கிறது. "நிதி வந்தா குடுப்பம்" என்றால், பதிவில் "தற்போது இல்லை, நிதி கிடைக்கும்போது" என்று நேர்மையாக எழுதுங்கள். அடுத்த பொதுக்கூட்டம் எந்த மாதம் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் மாறுவது அப்போதுதான்.

ஒருவர் ஒரு நாளில் பத்து அழைப்புக்கு மேல் எடுக்கவேண்டாம். அதற்கு மேலானால் பதில்களைச் சுருக்கி எழுதத் தொடங்கிவிடுவார்கள். மூன்று வெவ்வேறு நாட்களில், ஒன்று மாலை வேளையில், அழைத்தும் எடுக்காவிட்டால் நேரில் போகவேண்டிய பட்டியலில் சேருங்கள்.

காலத்தையும் பார்க்கவேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் ஆலய சபையினரைப் பிடிப்பது கஷ்டம். நோன்பு காலத்தில் முஸ்லிம் ஊர்களில் அமைப்புகளின் நேரம் மாறும். வெள்ளிக்கிழமை நண்பகலை எப்போதும் தவிருங்கள். அறுவடை நேரத்தில் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வயல் வாடியில் இருப்பார். பெரும்போகம் தொடங்கமுன் நடக்கும் கூட்டத்துக்குப் போனால் பல அமைப்புகளை ஒரே இடத்தில் சந்திக்கலாம். படுவான்கரைக்கும் வாகரைப் பக்கத்துக்கும் நேரில் போகும் வேலையை ஒக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். நவம்பரில் மழை பிடித்தால் ஜனவரி வரை பல உட்பாதைகள் நம்பத்தக்கவை அல்ல. வெள்ளத்தின்போது மக்கள் தேடும் பக்கங்களும் மழைக்கு முன்பே தயாராக இருக்கவேண்டும்.

கணினியில் ஏற்றும்போது

எக்செல் தாளே போதும்; பெரிய மென்பொருள் வேண்டாம். ஆனால் மூன்று இடத்தில் பழுது வரும்.

முதலாவது, தொலைபேசி நிரல். எக்செல் அதை எண்ணாக எடுத்து முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். 065 என்பது 65 ஆகிவிடும். தட்டத் தொடங்கமுன்பே அந்த நிரல் முழுவதையும் எழுத்து வடிவமாக மாற்றுங்கள். முடிந்ததும், பத்து இலக்கம் இல்லாத எண்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். மூன்று, நான்கு இலக்க உதவி எண்களைத் தவிர மற்றதெல்லாம் பிழை.

இரண்டாவது, பாமினி. அலுவலகங்களிலிருந்து வரும் பட்டியல்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் வருவதுண்டு. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். ஆகவே அகர வரிசைப்படுத்தினால் குழம்பும், தேடினால் அகப்படாது, கைத்தொலைபேசியில் திறந்தால் வெறும் கிறுக்கலாக இருக்கும். யுனிகோடாக மாற்றும் கருவியில் போட்டபின், ஊர்ப் பெயர்களையும் எண்களையும் ஒருவர் மூலப்பிரதியைப் பார்த்து வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்க்க வேண்டும். எண்களுக்கு இடையில் இருக்கும் கோடும் அடைப்புக்குறியும் மாற்றத்தில் வேறு எழுத்தாகிவிடுவது வழக்கம்.

மூன்றாவது, ஊர்ப் பெயரின் எழுத்து. களுவாஞ்சிகுடி, களுவாஞ்சிக்குடி இரண்டும் ஒரே தாளில் இருந்தால் வடிகட்டும்போது பாதி மறைந்துபோகும். ஊர், பிரிவு, சேவை வகை மூன்று நிரல்களையும் தட்டவிடாமல், பட்டியலிலிருந்து தெரிவுசெய்யும்படி அமைத்துவிடுங்கள்.

தலைப்புகள்

நிறுவனத்தின் பெயர்ப்படி அடுக்கினால், பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே பயன்படும். தேவையின்படி அடுக்குங்கள்: சாப்பாடும் வருமானமும், வயதானவர், மாற்றுத்திறனாளி, பிள்ளை பராமரிப்பு, படிப்பு உதவி, சட்டமும் பிணக்கும், வேலை, மரண வீடு, வெள்ளம், விளையாட்டும் கலையும். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் தேடுவது சிரமம். ஒரு சேவை இரண்டு தலைப்புக்குப் பொருந்தினால் இரண்டிலும் போடுங்கள், தாள்தானே.

பின்னிணைப்பாக, சனம் வாயால் சொல்லும் பெயர்களுக்கு ஓர் அகராதி வேண்டும். கச்சேரி என்றால் மாவட்டச் செயலகம் பக்கத்துக்கு, டி.எஸ். ஒபிஸ் என்றால் பிரதேச செயலகத்துக்கு, ஜீ.எஸ். என்றால் கிராம உத்தியோகத்தருக்கு. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பற்றிக் கேட்பவர் "சமுர்த்திக் காசு" என்றே கேட்பார். இரண்டையும் போட்டு ஒரே பக்கத்துக்கு அனுப்புங்கள். முஸ்லிம் குடும்ப அலுவல்களுக்குக் காதி நீதிமன்றம், சிறு பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை என்பதும் இங்கே வரட்டும்.

அவசர இலக்கங்கள் ஒரு தனித் தாள், உள் அட்டையிலும் நூலகச் சுவரிலும்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் உதவி 1929, பெண்கள் உதவி 1938, மனநல உதவி 1926, அனர்த்த முகாமைத்துவம் 117, அரச தகவல் 1919.

அச்சு, வைக்குமிடம்

புத்தகமாகக் கட்டாதீர்கள். ஏ4 தாள், ஒரு பக்கத்துக்கு இரண்டு பதிவு, வளையக் கோவை. மாறும் பக்கத்தை மட்டும் கழற்றி மாற்றலாம். எழுத்து 14 புள்ளிக்குக் குறையக்கூடாது. ஒரு பிரதி மேசையில், ஒன்று பத்திரிகை வாசிக்கும் இடத்தில், மூன்றாவது சம்மத விபரங்களோடு பூட்டிய அலுமாரியில். வாசகருக்கு முழுக் கோவையைக் கொடுப்பதைவிட, அவருக்குத் தேவையான பதிவைத் துண்டாக எடுத்துக் கையில் கொடுப்பது நல்லது. அதையே கிராம உத்தியோகத்தரிடம் காட்டிக் கேட்பார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால், போகவேண்டிய நாளையும் கொண்டுபோகவேண்டியவற்றையும் இருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

புதுப்பித்தல்

அதிகம் கேட்கப்படும் இருபது பதிவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அழைத்துச் சரிபார்க்கவேண்டும். எவை அதிகம் கேட்கப்படுகின்றன என்று ஊகிக்காமல், மேசையில் ஒரு கொப்பி வைத்துத் திகதி, கேள்வி, காட்டிய பதிவு மூன்றையும் குறியுங்கள். கேட்டவரின் பெயர் வேண்டாம். விடை இல்லாமல் அனுப்பிய கேள்விகளுக்கு எதிரே வட்டம் போடுங்கள். அடுத்த பதிப்பில் எதைத் தேடிச் சேர்க்கவேண்டும் என்பதை அந்த வட்டங்கள் சொல்லும்.

"போனேன், அப்படி ஒன்றும் இல்லையாம்" என்று ஒருவர் திரும்பி வந்தால், அன்றைக்கே அந்தப் பக்கத்தில் பென்சிலால் குறித்து, மறுநாளைக்குள் அழைத்துக் கேளுங்கள். நின்றுபோன அமைப்பின் பக்கத்தைக் கழற்றினால் எறியாதீர்கள். எப்போது, ஏன் கழற்றியது என்று எழுதி வேறொரு கோவையில் போடுங்கள். பழைய சங்கத்தின் கடிதத்தோடு, அங்கத்துவப் பணம் கட்டிய பற்றுச்சீட்டோடு ஆட்கள் பின்னரும் வருவார்கள். அந்தச் சங்கம் எந்தத் திணைக்களத்தில் பதியப்பட்டிருந்தது என்று காட்ட அந்தக் கோவை வேண்டும்.